வலிக்காத புண்ணைத்தான் கவனிக்கணும்: வாய்ப் புற்றுநோயும் பல் டாக்டரின் ஐந்து நிமிடப் பரிசோதனையும்

உடம்புக்குள் வரும் பெரும்பாலான புற்றுநோய்களைக் கண்டுபிடிக்க ஸ்கேன் எடுக்க வேண்டும், ரத்தம் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். வாய்க்கு இதெல்லாம் வேண்டாம். வாயைத் திறந்து, நல்ல வெளிச்சத்தில், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்த ஒருவர் பார்த்தாலே ஆரம்ப நிலையில் கண்ணில் பட்டுவிடும். அப்படியிருந்தும் ஏராளமானவர்கள் முற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். ஏன் என்று கேட்டால் பதில் ரொம்ப எளிது: ஆரம்பத்தில் இது வலிப்பதில்லை. வலிக்கிற பல்லுக்கு ராத்திரியோடு ராத்திரியாக ஓடுவோம், வலிக்காத ஒரு வெள்ளைத் திட்டை வருஷக் கணக்கில் நாக்கால் தடவிக்கொண்டே இருப்போம்.

இந்த வழிகாட்டியில் நோயைப் பற்றிக் கொஞ்சம், வீட்டிலேயே பார்த்துக்கொள்வதைப் பற்றி நிறைய, பல் டாக்டரிடம் என்ன கேட்பது, பயாப்சி (சந்தேகமான இடத்திலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சோதிப்பது) என்று சொன்னால் என்ன செய்வது என்பது வரைக்கும் வரிசையாகச் சொல்கிறேன். படித்துவிட்டு யாரும் தனக்குத்தானே நோய் முடிவு செய்துகொள்ள வேண்டாம். எப்போது காட்ட வேண்டும் என்று தெரிந்துகொண்டால் போதும்.

முதலில், இது என்ன நோய்

உதடு, கன்னத்தின் உட்பக்கம், ஈறு, நாக்கு, நாக்குக்குக் கீழே இருக்கும் பள்ளம், அண்ணம் என்று வாயின் உள்ளே எல்லா இடத்தையும் தட்டையான செல்கள் அடுக்கடுக்காக மூடியிருக்கின்றன. வாயில் வரும் புற்றுநோய்களில் 10க்கு 9 இந்த அடுக்கில்தான் தொடங்குகின்றன. உலகம் முழுவதும் 2022ஆம் ஆண்டில் மட்டும் உதடு, வாய்ப் பகுதிப் புற்றுநோய் சுமார் 3 லட்சத்து 89 ஆயிரம் பேருக்குப் புதிதாக வந்தது, சுமார் 1 லட்சத்து 88 ஆயிரம் பேர் இறந்தார்கள். கண்ணால் பார்க்க முடிகிற ஒரு நோய்க்கு இது ரொம்பப் பெரிய எண்ணிக்கை.

காரணங்களில் முதலிடம் புகையிலைக்கு. சிகரெட், பீடி, சுருட்டு என்று புகைப்பதாகட்டும், வாயில் அடக்கிக்கொள்வதாகட்டும், மூக்குப்பொடியாகட்டும், எதற்கும் விதிவிலக்கு கிடையாது. அடுத்தது மது. இரண்டும் சேர்ந்தால் ஆபத்து இரண்டு மடங்கு என்று நினைக்காதீர்கள், ஒன்றை ஒன்று பெருக்கிவிடும். மதுவால் வாயின் உள்தோல் இளகிப்போய், புகையிலையில் இருக்கும் நஞ்சு எளிதாக உள்ளே இறங்குகிறது.

மூன்றாவது பாக்கு. இதில்தான் ஒரு பெரிய தப்பான எண்ணம் இருக்கிறது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்" என்று நிம்மதியாகச் சொல்கிறவர்கள் நிறைய. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கையில் புகையிலை சேராத வெற்றிலை பாக்கையும், தனிப் பாக்கையுமே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஆக, வெறும் பாக்கு என்று ஒன்று கிடையாது.

இதுபோக, கீழுதட்டில் வரும் புற்றுக்கு வருஷக் கணக்கில் நேரடியாகப் படும் வெயில் ஒரு காரணம். டான்சிலிலும் அடிநாக்கிலும் வருவதற்கு எச்.பி.வி. என்ற வைரஸ் (கருப்பை வாய்ப் புற்றுக்கும் இதே வைரஸ்தான் காரணம்), அதிலும் 16ஆம் வகை, முக்கியக் காரணம். இது வாய்க்குப் பின்னால் தொண்டை தொடங்கும் இடத்தில் ஒளிந்துகொள்வதால் கண்ணாடியில் சுலபமாகத் தெரியாது, பல சமயம் கழுத்தில் ஒரு கட்டியாகத்தான் முதலில் தெரியவரும்.

அப்புறம் ஒன்று. எந்தப் பழக்கமும் இல்லாதவர்களுக்கும், சின்ன வயதுக்காரர்களுக்கும் நாக்கின் ஓரத்தில் இது வருவதுண்டு. குறைவுதான், ஆனால் வரும். "எனக்கு ஒரு கெட்ட பழக்கமும் இல்லையே" என்பதே ஆளைத் தாமதிக்க வைத்துவிடுகிறது.

சீக்கிரம் கண்டுபிடித்தால் என்ன ஆகும்

அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேடுகளின் கணக்கில், வாயிலும் தொண்டையிலும் நோய் தொடங்கிய இடத்திலேயே இருக்கும்போது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 5 ஆண்டு கழித்தும் உயிரோடு இருப்பவர்கள் 100க்கு 80க்கும் மேல். தொலைவில் இருக்கும் உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் அது ஏறக்குறைய 40 ஆகிவிடுகிறது. உயிர் தப்புவது மட்டும் விஷயமல்ல. சின்னதாக இருக்கும்போது வெட்டி எடுத்தால் சில தையல்களோடு முடிந்து, பழையபடி பேசி, சாப்பிட்டு வாழ முடியும். பெரிதான பிறகு என்றால் நாக்கில் பாதி, தாடை எலும்பில் ஒரு பகுதி, அதை அடைக்கத் தொடையிலிருந்தோ கையிலிருந்தோ சதை, அதற்குப் பிறகு கதிர்வீச்சு என்று நீண்டுகொண்டே போகும்.

சிக்மண்ட் ஃப்ராய்டின் கதை இதற்குத் தெரிந்த உதாரணம். தினமும் சுருட்டு பிடித்தவர். 1923இல் வாய்க்குள் மேல்பக்கத்தில் ஒன்றைக் கண்டார். பார்த்த டாக்டர் நண்பருக்குப் புற்று என்று புரிந்தும், புகையால் வந்த வெள்ளைத் திட்டு என்று சொல்லி மறைத்துவிட்டார். அதற்குப் பிறகு 1939இல் இறக்கும் வரை 30க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள், மேல்தாடையில் எடுத்த பகுதிக்குப் பதிலாகக் கடைசி வரை தொல்லை கொடுத்த ஒரு செயற்கைத் தகடு. மனித மனத்தைப் பற்றி அவ்வளவு எழுதியவராலும் சுருட்டை விட முடியவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாய் முன்கூட்டியே சொல்லிவிடும்

வாயைப் பொறுத்தவரை ஒரு நல்ல விஷயம், பலருக்குப் புற்று வருவதற்குப் பல வருஷம் முன்பே அந்த இடம் நிறம் மாறி அறிவிப்புக் கொடுத்துவிடுகிறது.

வெள்ளைத் திட்டு: துடைத்தால் போகாத, வேறு எந்த நோயாலும் வந்தது என்று சொல்ல முடியாத வெள்ளைப் படலம். துடைத்தால் வழித்துக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. இந்தத் திட்டுகளில் பெரும்பாலானவை புற்றாக மாறுவதில்லை. ஆனால் எது மாறும், எது மாறாது என்று கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும். மேலே சமமாக இல்லாமல் சொரசொரப்பாக, நடுநடுவே சிவந்து இருந்தால் சந்தேகம் அதிகம். இடமும் முக்கியம், நாக்கின் ஓரத்திலும் நாக்குக்குக் கீழேயும் இருந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்.

சிவப்புத் திட்டு: பட்டுத்துணி போல மெத்தென்று சிவந்திருக்கும், வலி இருக்காது, பார்க்கச் சாதுவாக இருக்கும். உண்மையில் வெள்ளையைவிட இதுதான் மோசமானது. இப்படிப்பட்ட திட்டுகளைப் பயாப்சி செய்தால், அந்த நேரத்திலேயே மிகப் பெரும்பாலானவற்றில் தீவிர மாற்றமோ புற்றோ இருப்பது தெரியவருகிறது. வெள்ளையைப் பார்த்தால் பயப்படுகிறவர்கள் சிவப்பைப் பார்த்தால் "சூடு பட்டிருக்கும்" என்று விட்டுவிடுகிறார்கள். தலைகீழாகச் செய்கிறார்கள் என்றுதான் சொல்வேன்.

வாய் திறப்பு குறைவது: இது பாக்கு போடுகிறவர்களுக்கு வருவது. முதலில் கொஞ்சம் காரம் பட்டாலும் வாய் எரியும். அப்புறம் கன்னத்தின் உட்பக்கம் வெளிறி, தடவினால் நார் ஓடுவது போல விறைக்கும். வாய் மெல்ல மெல்லச் சுருங்கும். வீட்டிலேயே சோதிக்கலாம்: சொந்தக் கையின் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிற மாதிரி வைத்து மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். மூன்றும் போக வேண்டும். இரண்டுதான் போகிறது என்றால் காட்டியாக வேண்டும். பாக்கை நிறுத்தினால் மேலும் மோசமாவது குறையும், விறைத்துப் போனது தானாகப் பழைய நிலைக்குத் திரும்பாது. இது உள்ளவர்களுக்குப் புற்று வரும் வாய்ப்பும் அதிகம் என்பதால் கண்காணிப்பு வாழ்நாள் முழுக்கத் தேவை.

வீட்டில் நீங்களே பார்ப்பது எப்படி

மாதத்துக்கு ஒரு முறை போதும். தினமும் பார்க்க ஆரம்பித்தால் இல்லாததெல்லாம் தெரியும். கை கழுவிக்கொள்ளுங்கள், கண்ணாடி, போன் டார்ச், ஒரு சுத்தமான துணித்துண்டு. கட்டுப்பல் இருந்தால் கழற்றிவிடுங்கள், அதற்கு அடியிலும் ஈறு இருக்கிறது.

1. வாயை மூடியபடி முகத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருக்கிறதா? பிறகு காதுக்கு முன்னால் தொடங்கி, தாடைக்கு அடியில், கழுத்தின் இரண்டு பக்கமும் விரல் நுனியால் மெதுவாக அழுத்திக்கொண்டே இறங்குங்கள். சளி பிடித்தால் நெறி கட்டும், அது தொட்டால் வலிக்கும், கொஞ்ச நாளில் அடங்கும். வலிக்காமல், கெட்டியாக, நகராமல் இருக்கும் கட்டிதான் கவனிக்க வேண்டியது.

2. உதடு. கீழுதட்டை வெளியே மடித்து உட்பக்கத்தைப் பாருங்கள், மேலுதட்டையும் அப்படியே. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள், உள்ளே உருண்டையாக எதுவும் தட்டுப்படுகிறதா என்று.

3. கன்னம். ஒரு விரலால் கன்னத்தை வெளியே இழுத்துப் பிடித்து, டார்ச் அடித்து, பின்னால் கடைவாய்ப்பல் வரைக்கும் பாருங்கள். கன்னமும் கீழ் ஈறும் சேரும் அந்த மடிப்பு இருக்கிறதே, புகையிலையையோ பாக்கையோ அடக்கி வைப்பவர்களுக்கு அங்கேதான் பெரும்பாலும் தொடங்கும். எந்தப் பக்கம் வைப்பீர்களோ அந்தப் பக்கத்தை இரண்டு தடவை பாருங்கள்.

4. ஈறு. மேலும் கீழும், வெளிப்பக்கமும் உட்பக்கமும்.

5. நாக்கு. இதை அவசரப்படாமல் செய்யுங்கள். நாக்கை நீட்டி மேற்பரப்பைப் பார்ப்பது எல்லோரும் செய்வது, ஆனால் புற்று அங்கே அபூர்வம். நாக்கு நுனியைத் துணியால் பிடித்து ஒரு பக்கமாக இழுத்து, மறுபக்க ஓரத்தைக் கடைசி வரை பாருங்கள், பின் பக்கம் மூன்றில் ஒரு பங்குதான் முக்கியம். அடுத்த பக்கமும் அப்படியே. விரலால் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், மிருதுவாக இருக்க வேண்டும்.

6. நாக்கு நுனியால் அண்ணத்தைத் தொட்டு, கீழே இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். உள்ளே ஒரு விரல், தாடைக்கு அடியில் வெளியே ஒரு விரல் வைத்து, இரண்டுக்கும் நடுவே இருக்கும் சதையை அழுத்திப் பாருங்கள்.

7. தலையைப் பின்னால் சாய்த்து அண்ணம், பிறகு "ஆ" என்று சொல்லி உள்நாக்கும் டான்சிலும்.

முதல் தடவை பத்து நிமிஷம் ஆகும், பழகிவிட்டால் மூன்று நிமிஷம்கூட ஆகாது. முதல் தடவையே எல்லாவற்றையும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. அடுத்த மாதம் "இது போன தடவை இருந்ததா?" என்ற கேள்விக்கு அதுதான் பதில் சொல்லும், ஞாபகத்தை நம்ப முடியாது.

பயப்பட வேண்டாதவை

முதல் முறை ஒழுங்காகப் பார்க்கிற எல்லோருக்கும் ஒரு திகில் வரும். எனக்கும் வந்தது. நாக்கின் பின்னால் பெரிய பெரிய புடைப்புகளைப் பார்த்துவிட்டு அன்று இரவு தூக்கமே போய்விட்டது. அவை சுவை மொட்டுகளைத் தாங்கியிருக்கும், எல்லோருக்கும் உள்ள புடைப்புகள், ஒரு வளைவில் வரிசையாக எட்டுப் பன்னிரண்டு இருக்கும் என்று பிறகு தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

நாக்கின் பின் ஓரத்தில் நெடுக்காகச் சில மடிப்புகள் இருக்கும், சில சமயம் சிவந்து தடித்திருக்கும். மேல் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே கன்னத்தில் காம்பு போல ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும், அது உமிழ்நீர்க் குழாயின் வாய். கன்னத்தில் பற்கள் சேரும் உயரத்தில் கிடைமட்டமாக ஒரு வெள்ளைக் கோடு, கடிபடுவதால் வருவது. உதட்டிலும் கன்னத்திலும் கடுகைவிடச் சிறிய மஞ்சள் புள்ளிகள், இடம் மாறி உட்கார்ந்த எண்ணெய்ச் சுரப்பிகள். அண்ணத்தின் நடுவிலோ கீழ்த்தாடையின் உட்பக்கத்திலோ கல் மாதிரி ஒரு மேடு, அது எலும்பு. நாக்குக்குக் கீழே ஊதா நிறத்தில் புடைத்த ரத்தக் குழாய்கள், வயதானால் பலருக்கும் வரும். நாக்கின் மேலே வரைபடம் போலச் சிவப்புத் திட்டுகள் நாளுக்கு நாள் இடம் மாறினால் அதுவும் ஆபத்தில்லை. புற்று இடம் மாறி விளையாடாது.

எனக்குத் தெரிந்து உபயோகமான ஒரு கணக்கு இதுதான்: இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பாலும் உங்கள் வாயின் அமைப்பு. ஒரு பக்கம் மட்டும் இருந்தால் காட்டுங்கள்.

இரண்டு வாரம்

சாதாரண வாய்ப்புண் சுருக்கென்று வலிக்கும், சாப்பிட விடாது, ஏழிலிருந்து பதினான்கு நாளில் ஆறிவிடும். ஆகவே எந்தப் புண்ணாக இருந்தாலும், எந்தத் திட்டாக இருந்தாலும் இரண்டு வாரம் தாண்டினால் டாக்டர் பார்க்க வேண்டும். இந்த ஒரு விதியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டாலே இந்தக் கட்டுரையில் பாதி படித்த மாதிரி.

விதி எளிது, ஆனால் அதை உடைக்க நாம் நிறைய வழி வைத்திருக்கிறோம். மருந்துக் கடையில் சொல்லி ஒரு சத்து மாத்திரை, அது தீர்ந்ததும் இன்னொன்று, அப்புறம் மேலே தடவ ஒரு ஜெல், எரிச்சல் குறைகிறதே என்று இன்னும் ஒரு மாதம். ஜெல் எரிச்சலைக் குறைக்கும், புண்ணைக் குணப்படுத்தியதாக அர்த்தமில்லை. கூரான பல்லோ உடைந்த கட்டுப்பல்லோ குத்தியதால் வந்த புண் என்று தோன்றினால் அந்தப் பல்லைச் சரிசெய்துவிட்டு இரண்டு வாரம் பார்க்கலாம், அதற்கு மேல் அந்தச் சாக்கும் செல்லாது.

புண் இல்லாமலேயே வரும் அறிகுறிகளும் உண்டு. நோய் எதுவும் இல்லாத ஈறில் ஒரு பல் மட்டும் திடீரென்று ஆடுவது. பல் பிடுங்கிய குழி வாரக் கணக்கில் ஆறாமல், உள்ளே சதை வளர்வது. கட்டுப்பல் திடீரென்று பொருந்தாமல் போவது. கீழுதடோ முகவாயோ ஒரு பக்கம் மரத்துப் போவது. காதில் எந்தக் கோளாறும் இல்லாமல் ஒரு பக்கக் காது வலி, நாக்குக்கும் தொண்டைக்கும் போகும் நரம்புகளின் கிளை காதுக்கும் போவதால் வரும் குழப்பம் இது. விழுங்கும்போது ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும் உணர்வு, நாக்கு முழுதாக நீட்ட வராமை. இவற்றில் எதுவும் "கட்டாயம் புற்று" என்று அர்த்தமில்லை, ஆனால் காரணம் தெரியாமல் விடக்கூடாது.

பல் டாக்டரிடம் போகும்போது

வாயைத் திறந்து காட்டுங்கள் என்றால் நாம் பல்லைக் காட்டுவோம். டாக்டரும் கூட்ட நேரத்தில் வலிக்கிற பல்லைப் பார்த்து, அடைத்து அனுப்பிவிடலாம். அதனால் நீங்களே வாய் விட்டுக் கேளுங்கள்: "டாக்டர், பல் மட்டும் இல்லாம வாய் முழுக்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க, கழுத்தையும் தொட்டுப் பாருங்க." இப்படிக் கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, பல் படிப்பில் இதுவும் ஒரு பாடம்தான்.

பழக்கங்களை மறைக்காமல் சொல்லுங்கள். எது, ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை வருஷமாக, எந்தக் கன்னத்தில், விட்டிருந்தால் எப்போது விட்டீர்கள். கூட வீட்டார் இருப்பதால் சொல்ல முடியவில்லை என்றால் அவர்களை வெளியே உட்காரச் சொல்லுங்கள். டாக்டர் திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும், தவறான தகவலில் அவர் சரியான இடத்தைப் பார்க்காமல் விடுவதைவிட அது பரவாயில்லை.

அவர் செய்வது ஏறக்குறைய நீங்கள் வீட்டில் செய்ததுதான், ஆனால் குட்டிக் கண்ணாடியும், காற்று ஊதி ஈரத்தை உலர்த்தும் வசதியும், ஆயிரம் வாய்களைப் பார்த்த கண்ணும் அவரிடம் இருக்கின்றன. ஐந்து நிமிடம், வலி கிடையாது. சில இடங்களில் நீலச் சாயம் தடவிப் பார்ப்பார்கள், சிலர் தனி விளக்கின் ஒளியில் பார்ப்பார்கள், பிரஷ் போன்ற ஒன்றால் செல்களைச் சுரண்டி எடுப்பார்கள். இவையெல்லாம் உதவிக்கு மட்டும். விளக்கில் பார்த்து ஒன்றுமில்லை என்றாலும், கண்ணுக்குச் சந்தேகமாக இருந்தால் பயாப்சிதான் பேச வேண்டும்.

எவ்வளவு நாளுக்கு ஒரு முறை? பழக்கம் உள்ளவர்களும், முன்பு இருந்து விட்டவர்களும், வாயில் ஏற்கெனவே திட்டு உள்ளவர்களும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மற்றவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவை பல் பார்க்கப் போகும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இதனால் உண்மையிலேயே உயிர் பிழைக்கிறதா

நியாயமான கேள்வி. எல்லாப் பரிசோதனையும் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. இந்தக் கேள்விக்குப் பெரிய அளவில் பதில் தேடியது கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய ஆய்வு. 13 ஊராட்சிப் பகுதிகளை எடுத்து, குலுக்கல் முறையில் 7 பகுதிகளில் மட்டும், 35 வயதுக்கு மேற்பட்டவர்களின் வாயைப் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பார்த்தார்கள், மூன்று வருஷத்துக்கு ஒரு முறை. மற்ற 6 பகுதிகளில் வழக்கமான மருத்துவம். 2005இல் வந்த முடிவில், புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப் புற்றால் வரும் மரணம் 34 சதவீதம் குறைந்திருந்தது. பார்த்தவர்கள் பெரிய நிபுணர்கள்கூட இல்லை, கருவியும் இல்லை, வெளிச்சமும் கண்ணும்தான்.

பழக்கம் இல்லாதவர்களுக்கு அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. அறிகுறி இல்லாத எல்லாப் பெரியவர்களுக்கும் இதைச் செய்யலாமா கூடாதா என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2013இல் சொன்னது. என் கருத்து: பழக்கம் உள்ளவர் இதற்கென்றே தனியாக நேரம் ஒதுக்கிப் போக வேண்டும். இல்லாதவர் தனியாக மெனக்கெட வேண்டாம், ஆனால் நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார்ந்த பிறகு கூட ஐந்து நிமிஷம் பார்ப்பதில் என்ன நஷ்டம்?

பயாப்சி என்று சொன்னால்

"கத்தி பட்டால் பரவிவிடும்." இந்த ஒரு வாக்கியத்தால் போன உயிர்கள் எத்தனை என்று தெரியாது. பயாப்சி செய்வதால் நோய் பரவுவதில்லை. பயாப்சிக்குப் பயந்து ஆறு மாதம் தள்ளிப்போட்டால் அந்த ஆறு மாதத்தில் அது தானாகப் பரவும், பழி கத்தி மேல் விழும்.

நடப்பது இவ்வளவுதான்: பல் பிடுங்கப் போடுவது போல மரப்பு ஊசி, சந்தேகமான இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துண்டு, தேவைப்பட்டால் ஓரிரு தையல், அரை மணிக்குள் வீட்டுக்கு. ரத்தம் இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முன்பே சொல்ல வேண்டும். முடிவு வர ஒரு வாரம் போல ஆகலாம், அந்த வாரம்தான் கஷ்டமான வாரம்.

முடிவில் "புற்று இல்லை, ஆனால் செல்களில் மாற்றம் இருக்கிறது" என்று வரலாம். மாற்றம் லேசு, நடுத்தரம், தீவிரம் என்று தரம் பிரித்திருப்பார்கள். தீவிரம் என்றால் வழக்கமாக அந்த இடத்தை எடுத்துவிடுவார்கள். லேசு என்றால் பழக்கத்தை நிறுத்தச் சொல்லி, சில மாதங்களுக்கு ஒரு முறை பார்ப்பார்கள். எடுத்துவிட்டோமே, முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது, திட்டை எடுத்த பிறகும் அதே இடத்திலோ பக்கத்திலோ திரும்ப வருவதுண்டு. பல வருஷம் நஞ்சில் ஊறியது அந்த ஒரு இடம் மட்டுமல்லவே.

ஒன்றுமில்லை என்று முடிவு வந்து, புண் மட்டும் ஆறாமல் அப்படியே இருந்தால், மறுபடி பயாப்சி கேளுங்கள். எடுத்த துண்டு தப்பான இடத்திலிருந்து வந்திருக்கலாம்.

புற்று என்று வந்துவிட்டால்

சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. எடுத்து எவ்வளவு தூரம் போயிருக்கிறது, கழுத்து நெறிகளில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அகலம் 2 செ.மீ.க்குள், ஆழம் 5 மி.மீ.க்குள் இருந்தால் கட்டி அளவில் முதல் நிலை. ஆழத்தைச் சேர்த்துக் கணக்கிடுவது, புற்றுநோயின் நிலைகளைப் பிரிக்க டாக்டர்கள் பின்பற்றும் விதிமுறையின் 2017இல் வந்த எட்டாம் பதிப்பிலிருந்துதான். மேலே சின்னதாகத் தெரிந்தாலும் உள்ளே இறங்கியிருந்தால் மோசம் என்பது அதற்குள் புரிந்திருந்தது. சிகிச்சையில் முதலிடம் அறுவைக்கு, பெரும்பாலும் கழுத்து நெறிகளையும் சேர்த்து எடுப்பார்கள். தேவைப்பட்டால் அப்புறம் கதிர்வீச்சு, சிலருக்கு அதோடு கீமோ.

இங்கே பல் டாக்டருக்கு இரண்டாவது வேலை வருகிறது, பலருக்கும் இது தெரிவதில்லை. கதிர்வீச்சு தொடங்கும் முன் ஒரு முறை பற்கள் முழுவதையும் காட்டியாக வேண்டும். காப்பாற்ற முடியாத பற்களை இரண்டு வாரமாவது முன்னதாகப் பிடுங்கிக் குழி ஆற விடுவார்கள். கதிர் பட்ட பிறகு உமிழ்நீர் வற்றிப்போகும், உமிழ்நீர் இல்லாத வாயில் பல் படுவேகமாகச் சொத்தையாகும். அதனால் புளோரைடு தினமும், தண்ணீர் அடிக்கடி, வாய் திறப்புக்கான பயிற்சியும் விடாமல். பழக்கத்தை விடுவதும் சிகிச்சையில் ஒரு பகுதிதான், தொடர்ந்து புகைத்தால் புண் ஆறுவதும் கெடும், கதிர்வீச்சின் பலனும் குறையும், இரண்டாவது புற்று வரும் வாய்ப்பும் கூடும். தனியாக விட முடியவில்லை என்றால் நிக்கோட்டின் சூயிங்கமும் தோலில் ஒட்டும் பட்டையும், அதற்கென்று மாத்திரைகளும், ஆலோசனையும் இருக்கின்றன, கேளுங்கள்.

சிகிச்சை முடிந்ததும் முதல் ஒரு வருஷம் ஒன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரச் சொல்வார்கள். திரும்ப வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள் வந்துவிடும் என்பதால் இந்த நெருக்கம், பிறகு இடைவெளி கூடும். கதிர் பட்ட தாடை எலும்புக்கு மட்டும் காலக்கெடு கிடையாது. அதில் ரத்த ஓட்டம் குறைந்திருக்கும், சாதாரணமாக ஒரு பல்லைப் பிடுங்கினால்கூட எலும்பு ஆறாமல் அழிய ஆரம்பிக்கலாம். எந்தப் பக்கம், எந்த வருஷம், எவ்வளவு கதிர் கொடுத்தார்கள் என்ற சிகிச்சைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் புது டாக்டரிடம் பல் வலி என்று போனாலும் வாயைத் திறக்கும் முன் எடுத்து நீட்ட வேண்டியது அந்தச் சீட்டைத்தான்.